பகுதிநேரம் என்னும் பொய்

போன ஆடியில் ஓர் இரவு, வீட்டிலிருந்தே செய்யும் பகுதிநேர வேலை ஒன்றுக்கு விண்ணப்பித்தேன். கணினி எழுதித் தரும் தமிழ் வாக்கியங்களைத் திருத்தும் வேலை. ஒரு நாளில் ஓய்வு நேரம் எவ்வளவு என்று படிவம் கேட்டது. இரவு பத்திலிருந்து ஒன்று வரை என்று எழுதினேன். அமைதியான தனி அறை உண்டா என்றது. உண்டு என்று பொய் சொன்னேன். மாதிரிக்கு 20 பக்கம் திருத்தித் தரச் சொன்னார்கள். கூலி இல்லை. பதிலும் வரவில்லை.

நான் தமிழில் முனைவர் பட்டம் பெற்றவள். வாலாஜாபாத்திலிருந்து தினமும் பேருந்து ஏறிப் போய் ஒரு தனியார் கல்லூரியில் முழுநேரம் பாடம் நடத்துகிறேன். சம்பளம் 22,000 ரூபாய். கௌரவ விரிவுரையாளருக்கே வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 ரூபாய் வரை என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019 ஜனவரியில் வகுத்திருக்கிறது. அப்படியானால் நான் தேடியது உபரி வருமானமா? எனக்கு வரவேண்டிய சம்பளத்தின் மீதியை, வேறொருவரிடம் இராத்தூக்கத்தை விற்றுத் தேடினேன்.

‘வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்கலாம், பெண்களுக்கு எவ்வளவு வசதி’ என்கிறார்கள். யாருக்கு வசதி? அறை நம்முடையது, மின்கட்டணம் நம்முடையது, கணினியும் கண்ணும் நம்முடையவை. முதலாளிக்கு வாடகைகூட இல்லை.

எங்கள் பக்கத்துக்கு இது புதிதும் இல்லை. காஞ்சிபுரம் கோர்வைப் புடவையில் கரையையும் உடலையும் வெவ்வேறு நிறத்தில் கோக்க மூன்று நாடா ஓட வேண்டும். நெய்பவருக்குத் துணையாக இன்னொருவர் தறியில் உட்கார வேண்டும். எங்கள் வீட்டில் அம்மா உட்கார்ந்தாள். தார் சுற்றியதும் அவள்தான். கூலி அப்பாவின் கைக்கு வந்தது, கணக்கு நோட்டில் அப்பா பெயர் இருந்தது. ‘அவ வீட்ல சும்மாதான் இருக்கா, கூடமாட ஒத்தாச பண்றா’ என்பார் அப்பா. அவர் கெட்டவர் அல்லர். வீட்டுக்குள் நடப்பது வேலையே அல்ல என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்த சமூகம் அது.

அந்தச் ‘சும்மா’வுக்குக் கணக்கு உண்டு. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். கல்லூரி முடிந்து வீடு திரும்பும் எனக்கு இரண்டாவது வேலை அடுப்படியில் காத்திருக்கிறது. இரவு பத்து மணிக்குத் தொடங்குவது மூன்றாவது வேலை. அதற்குத்தான் பகுதிநேரம் என்று பெயர்.

‘உங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லையே’ என்று தோழிகளே கேட்கிறார்கள். வாசல் தாண்ட அனுமதி இல்லாத பெண்ணுக்கு இந்த வேலைதான் முதல் சொந்தக் காசு. அதை நான் பழிக்கவில்லை. அவளுக்கும் சட்டம் வேண்டும் என்கிறேன். வீட்டிலிருந்து உழைப்பவர்களை மற்றத் தொழிலாளர்களுக்குச் சமமாக நடத்தக் கோரும் 177ஆம் உடன்படிக்கையைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் நிறைவேற்றியது. இந்தியா இன்றும் அதை ஏற்கவில்லை.

முழுநேர வேலைக்கு முழுச் சம்பளம் கொடுங்கள். மாதிரி வேலைக்கும் கூலி கொடுங்கள். வீட்டிலிருக்கும் ஆண்கள் அந்த 299 நிமிடத்தில் பாதியை எடுத்துக்கொள்ளட்டும்.

மகளின் கட்டணத்துக்காக இந்த மாதமும் விண்ணப்பிப்பேன். ஓய்வு நேரம் எவ்வளவு என்ற கட்டத்தில் மட்டும் ‘இல்லை’ என்று எழுதுவேன்.