காட்டுக்குத் தேய்மானம் யார் எழுதறது?

போன சனிக்கிழமை நாங்க ஒன்பது பேர் புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதிக்குப் போனோம். தார் ரோட்டுல விறுவிறுன்னு ஏறி, உச்சியில இருக்கற கல்லு முன்னாடி போட்டோ எடுத்து, விறுவிறுன்னு இறங்கியாச்சு. வழியில நண்பன் ஒருத்தன் குரங்குக்கு ரொட்டி நீட்டினான். (நானும் சிரிச்சுக்கிட்டுதான் நின்னேன், ஒத்துக்கறேன்.) கீழே வந்ததும் அவனே கேட்டான்: "இவ்ளோதானா? இதுக்கா இவ்ளோ இடத்தை சும்மா போட்டு வெச்சிருக்காங்க? வீடு கட்டினா எத்தனை பேருக்கு ஆகும்!"

அந்த 'சும்மா'வுக்குத்தான் இந்தப் பதிவு. நண்பா, நீயும் படிப்பேன்னு தெரியும், கோவிச்சுக்காதே :-)

வீடு வேணும், ரோடு வேணும், இல்லைன்னு சொல்லலை. ஆனா காமர்ஸ் படிக்கற நாமளே ஒரு சொத்தைப் பார்த்து 'சும்மா'ன்னு சொல்றதுதான் கொடுமை. ஆபீஸ் ஜெராக்ஸ் மெஷினுக்குக்கூட வருஷா வருஷம் தேய்மானம் எழுதறோம். 1883லயே காப்புக்காடா அறிவிச்ச இடத்துக்கு யார் எழுதறா?

எழுதலைன்னா என்ன ஆகும்னு இதே காட்டுல பார்க்கலாம். 1980களில் புக்கிட் தீமா விரைவுச்சாலை போட்டாங்க. இந்தக் காட்டையும் பக்கத்துல இருக்கற மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டையும் அது ரெண்டாப் பிளந்துடுச்சு. பிளந்த ஓரத்துல வெயிலும் காத்தும் உள்ளே புகுந்து, நிழல்லயும் ஈரத்துலயும் வளர்ற கன்றுகளைக் காய வைக்கும். எறும்புத்தின்னி மாதிரி பிராணிங்க ரோட்டைத் தாண்டப் பார்த்தா வண்டியில அடிபடும். தாண்டாம இருந்தா சின்ன இடத்துக்குள்ளயே இனம் நலிஞ்சு போகும்.

அப்புறம் என்ன? 2013ல அதே விரைவுச்சாலைக்கு மேல, மிருகங்க கடந்து போறதுக்குன்னு 62 மீட்டர் நீளத்துக்கு மரம் செடி வளர்த்த பாலம் கட்டினாங்க. செலவு சுமார் 1.6 கோடி வெள்ளி! ரோடு போட்டப்போ கணக்குல வராத செலவு, முப்பது வருஷம் கழிச்சு பில்லா வந்துடுச்சு. பாலம் கட்டினது நல்ல காரியம்தான், பாராட்டறேன். ஆனா பிளந்த காட்டை அது ஒட்ட வைக்காது. ஒரு சின்ன வழி விடுது, அவ்வளவுதான்.

"சின்னக் காடுதானே, போனா என்ன?"ன்னு அடுத்த கேள்வி வரும். மொத்தமே சுமார் 163 ஹெக்டேர்தான், உண்மை. ஆனா 1854ல இங்க வந்த ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் ரெண்டே மாசத்துல ஏறக்குறைய 700 வகை வண்டுகளைச் சேகரிச்சார். அதுலயும் பெரும்பாலானது ஒரு சதுர மைல் கூட தேறாத இடத்துல கிடைச்சது. அந்த மாதிரி இடத்தை வெட்டிட்டு வேற எங்கயாவது மரம் நட்டா சரியாப் போச்சா? ரோட்டோரம் வரிசையா நட்ட மரம் மழைக்காடு ஆகாதுங்க.

அரசாங்கத்தை மட்டும் சொல்லி நாம தப்பிக்கவும் முடியாது. நம்ம கால் பட்டும் இந்தக் காடு தேயுது. பாதைகளையும் சரிவுகளையும் சரிபண்ண 2014லிருந்து 2016 வரை இங்க பெரும்பாலும் மூடித்தான் வெச்சிருந்தாங்க. ரொட்டி விஷயமும் விளையாட்டு இல்லை. மனுஷன் கையில சாப்பிட்டுப் பழகின குரங்கு நாளைக்கு யார் பையையாவது பிடுங்கும், உடனே "குரங்குத் தொல்லை"ன்னு அதுமேல புகார் போகும். தொல்லையை ஆரம்பிச்சது நாம! காட்டு விலங்குக்குத் தீனி போட்டா முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் இருக்கு. ரொட்டி என்ன விலை, பார்த்துக்கோங்க.

நுழைவுக் கட்டணம் இல்லைங்கறதால அந்த இடத்துக்கு மதிப்பே இல்லைன்னு ஆயிடாது. விலை எழுதாத சொத்தைத்தான் முதல்ல வித்துத் தின்போம். அதனாலதான் பயமா இருக்கு.

அடுத்த மாசம் திரும்பப் போறோம் மக்களே. ரொட்டி கிடையாது, தார் ரோடு கிடையாது. மண் பாதையில, பாதையை விட்டு விலகாம, ஒரு மணி நேரம் வாயை மூடிக்கிட்டு மெதுவா நடப்போம். அப்பவும் 'சும்மா'ன்னு தோணினா வந்து சொல்லு நண்பா, டீ என் செலவு.