ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லும் புத்திமான்களுக்கு

கம்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை என்று வையுங்கள். ஹால்டிக்கெட் எடுக்கக் கூட்டம் நிற்கிறது. திரையிலோ அப்டேட் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பாதியில் கரண்ட் போனால் அன்றைய பிழைப்பு போச்சு! வெறுத்துப்போய் கடைக்காரர் அப்டேட்டையே நிறுத்திவிட்டால், "மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று நிபுணர்கள் கிளம்பிவிடுவார்கள்.

நிறுத்துவது ஆபத்துதான், யார் இல்லை என்றது? 2017 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் பேட்ச் கொடுத்தாயிற்று. அதைப் போடாத கணினிகளைத்தான் மே மாதம் வானாக்ரை பிடித்தது. பக்கத்துக் கேரளத்தில், வயநாட்டுப் பஞ்சாயத்து அலுவலகக் கணினிகளும் தப்பவில்லை.

ஆனால் இத்தனை ரீஸ்டார்ட் எதற்கு? லினக்ஸ் கெர்னலுக்கு, அது ஓடும்போதே ஒட்டுப்போடும் கேஸ்பிளைஸ் 2008-லேயே வந்துவிட்டது. 2016-ல் வந்த ஆண்ட்ராய்டு 7, சிஸ்டத்தை இரண்டு பிரதியாக வைத்துக்கொள்ள வழி செய்தது. ஓடாத பிரதியில் சத்தமில்லாமல் புதியது ஏறும். ஒரே ரீஸ்டார்ட்டில் மாறிவிடும். புதியது எழவில்லையா, பழையது கைகொடுக்கும். கரண்ட் போகும் ஊருக்கு இதுதானே வேண்டும்?

விண்டோஸ் 11-க்கும் 2025 ஏப்ரலில் 'ஹாட்பேட்ச்' வந்தது. மாதாந்திர அப்டேட்டுக்காக வருடம் 12 தடவை செய்யும் ரீஸ்டார்ட் 4 ஆகக் குறையும். யாருக்கு? என்டர்பிரைஸ் மாதிரி உரிமம் வாங்கும் நிறுவனங்களுக்கு! ஹோம் பதிப்புக்குக் கிடையாதாம். யூபிஎஸ்ஸும் ஐடி ஆளும் வைத்திருப்பவருக்கு நாலு, ஒற்றைக் கணினியை நம்பிப் பிழைப்பவருக்குப் பன்னிரண்டு. நல்ல நியாயம்டா சாமி :-)

முதலில் அதை ஹோம் பதிப்புக்குக் கொடுக்கட்டும். கடைக்காரருக்குப் புத்தி சொல்வதை அப்புறம் பார்க்கலாம்.