சாமர்த்தியமும் சூதும்

2022-ம் வருஷம் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் செங்கற்பட்டு ஜில்லா மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் 44-வது உலகச் சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது. அதே வருஷம் அக்டோபரில், ரம்மி, போக்கர் ஆகியவற்றைப் பணம் வைத்து இணையத்தில் ஆடுவதைத் தடுக்க நமது ராஜ்ய சர்க்கார் மசோதாவை நிறைவேற்றிற்று. புத்தி விளையாட்டை உபசரித்தவர்களே இன்னொரு புத்தி விளையாட்டை விலக்குவது முரணன்றோ என்று கேட்கலாம்.

சதுரங்கத்தில் காய்கள் யாவும் பகிரங்கம். போக்கரில் ஒவ்வொருவனுக்கும் இரண்டு சீட்டு மறைவாய் வரும். பொதுவில் முதலில் மூன்றும், பிறகு ஒவ்வொன்றாக இரண்டும் திறக்கப்படும். ஏழில் சிறந்த ஐந்தை உடையவனுக்கு ஜயம். இடையே நான்கு தடவை பந்தயம் கட்டப்படும். மற்றவர்கள் அஞ்சிச் சீட்டைக் கீழே வைத்துவிட்டால், வெறுஞ்சீட்டுக்காரனும் பணயத்தை வாரிக்கொள்வான். 52 சீட்டில் ஐந்து சீட்டுச் சேர்க்கைகள் 25,98,960. அவற்றுள் தலையாயவை நான்கே. இக்கணக்கை அறிந்தவனுக்குச் சாமர்த்தியம் உண்டென்பதை நாம் மறுக்கவில்லை.

1930-ம் வருஷத்துச் சூதாட்டச் சட்டமும் சாமர்த்திய ஆட்டத்துக்கு விலக்களித்தது. 2023 நவம்பர் 9-ல் சென்னை ஹைகோர்ட்டும், ராஜ்யச் சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் சாமர்த்திய ஆட்டங்களாதலால் தடை அவற்றிற்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது.

ஆனால் ஜனங்களின் க்ஷேமத்தை நாடுவோர் கேட்கவேண்டிய கேள்வி வேறு. ஆட்டம் நடத்தும் கம்பெனி பணயத்தில் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஜயித்தவர்கள் பெறுவதைக் காட்டிலும் தோற்றவர்கள் இழப்பது எப்பொழுதும் அதிகம். சாமர்த்தியம் மிகுந்த ஆட்டமெனில் அறியாதவனது நஷ்டம் இன்னும் நிச்சயமாகிறது. சாமர்த்தியவாதம் கம்பெனிக்குச் சாதகமன்று. அதற்கு விரோதமான சாக்ஷியமே. நமது ஜில்லாவில் பாரதக் கூத்துப் பார்க்கும் பாமரனும் இதை அறிவான். சகுனிக்குச் சாமர்த்தியம் குறைவில்லை. அதனால் சூது நியாயமாகிவிடவில்லை.

பழைய சட்டம் சூதாடும் வீட்டைத் தேடிப் போலீஸை அனுப்பிற்று. இன்றோ கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையில் கரையிலுள்ள வாலிபன் சட்டைப்பையிலேயே அவ்வீட்டைச் சுமக்கக்கூடும். 2025 ஆகஸ்டில் பார்லிமெண்ட் செய்த சட்டம், சாமர்த்தியமா அதிர்ஷ்டமா என்று பாராமல், பணம் கட்டும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் விலக்கிற்று. கேள்வியைச் சரியாக மாற்றியமைத்தது அதன் சிறப்பு. எனினும் எல்லைக்கு அப்பாலிருந்து வரும் ஆட்டத்தைச் சட்டம் மட்டும் தடுத்துவிடாது. தேச ஊழியர்கள் குப்பங்கள்தோறும் சென்று இந்தக் கணக்கை விளக்கவேண்டும். கணக்கறிந்தவன் கட்டமாட்டான்.