பெயின்ட் இருக்கட்டும், பிரேக் பைப் எங்கே போகிறது?

பழைய கார்களைப் புதுப்பிக்கிற ஆர்வம் இப்போது ஊருக்கு ஊர் பரவிவிட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் அவர்கள் போடுகிற போட்டோக்களைப் பாருங்கள். குரோம் பம்பர், புது சீட், முகம் தெரிகிற பெயின்ட்... வண்டிக்கு அடியில் எடுத்த படம் ஒன்றாவது உண்டா? பின் சக்கரத்துக்குப் போகிற பிரேக் பைப் அங்கேதான் இருக்கிறது.

நம்ம ஸ்டாண்டர்டு ஹெரால்டையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் 1959-ல் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டை சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961-ல் தயாரிக்க ஆரம்பித்தது. அதே சேஸிஸைக் குட்டையாக்கி, 1962-ல் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. பின்பக்க அமைப்பில் இரண்டும் அண்ணன் தம்பி.

அம்பாசடரில் பின்பக்கம் ஒரே இரும்பு ஆக்சில். பாடியிலிருந்து அதற்கு ஒரு ரப்பர் ஹோஸ் வந்தால் போதும், மீதி பைப் ஆக்சில் மேலேயே படுத்துக்கொள்ளும். ஹெரால்டில் அப்படி இல்லை. டிஃபரன்ஷியல் சேஸிஸோடு அசையாமல் நிற்கும். இரண்டு பக்கச் சக்கரங்களும் தனித்தனியாக மேலும் கீழும் ஆடும். அதனால் பக்கத்துக்கு ஒரு ஹோஸ் வேண்டும். 1972-ல் வந்த கஸெல்லில் ஸ்டாண்டர்டு கம்பெனியே இந்த ஆடும் ஆக்சிலைக் கைவிட்டது. ஒரே ஆக்சில் வண்டிகளில் பழகிய கை ஹெரால்டைத் தொட்டால் என்ன ஆகும்? ஆடுகிற இடத்தில் இரும்பு பைப்பை நீட்டி வைக்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் அது வளைந்து நிமிரும். ஒரு நாள் விரிசல் விடும்.

விட்டால் போகிறது என்று இருக்க முடியாது. அந்தக் கால ஹெரால்டில் நாலு சக்கரத்துக்கும் ஒரே சர்க்யூட். பின்னால் ஒரு சொட்டு ஒழுகினால் முன்னாலும் பெடல் தரையைத் தொடும். மிஞ்சுவது ஹேண்ட் பிரேக் மட்டும்!

"ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுற வண்டிதானே சார்" என்பார்கள். அதுதான் இன்னும் மோசம். சாதாரண பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். சும்மா நிற்கிற வண்டியில் பைப் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். ஈரம் ஏறிய ஆயில் சீக்கிரம் கொதிக்கும். சைலன்ஸர் குழாயை ஒட்டி பைப்பை இழுத்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

அடுத்த சமாதானம், "காப்பர் பைப் போட்டாச்சு, துருப்பிடிக்காது." துருப்பிடிக்காது, சரி. ஆனால் வெறும் காப்பர் அதிர்வில் கெட்டியாகிக் கெட்டியாகி முறியும். நிக்கல் கலந்த காப்பர் பைப் இருக்கிறது. கையால் வளையும், துருவும் பிடிக்காது. அதை வாங்க மனசில்லாதவருக்குப் புது குரோம் பம்பர் எதற்கு?

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. பாடியை இறக்கி வைத்திருக்கும்போதே, கம்பெனி போட்ட வழியிலேயே பைப்பைப் பதிக்க வேண்டும். சேஸிஸ் சட்டத்தை ஒட்டிப் போக வேண்டும், அதற்குக் கீழே தொங்கக் கூடாது. வழி நெடுக கிளிப் வேண்டும். ஹோஸ் போட்டபின் சக்கரத்தை முழுக்கத் தொங்கவிட்டும், முழுக்கத் தூக்கியும் பார்க்க வேண்டும். எங்கேயும் இழுபடக் கூடாது, டயரில் உரசக் கூடாது. கடைசியில் ஒருவர் பெடலை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் ஒவ்வொரு ஜாயின்ட்டாகத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

துவாக்குடியில் இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. பக்கத்தில் பி.எச்.இ.எல். பாய்லர் தொழிற்சாலை 1965 முதல் ஓடுகிறது. அதை நம்பிச் சுற்றிலும் எத்தனை ஃபேப்ரிகேஷன் பட்டறைகள்! பைப்பை நசுங்காமல் வளைப்பதும், சப்போர்ட் கொடுப்பதும், தண்ணீர் ஏற்றி பிரஷர் டெஸ்ட் செய்வதும் இங்கே அன்றாட வேலை. பாய்லர் பைப்பை யாராவது கட்டுக்கம்பியால் கட்டித் தொங்கவிடுவார்களா? அந்த ஒழுக்கம் காருக்கு வந்ததும் ஏன் காணாமல் போகிறது? பாய்லருக்கு இன்ஸ்பெக்டர் வருவார். கார் கண்காட்சிக்கு வருகிறவர் பெயின்டை மட்டும் பார்ப்பார்.

அதனால், பரிசு கொடுக்கிற பெரியவர்களே, அடுத்த முறை ஒரு டார்ச்சும் ஒரு கோரைப்பாயும் எடுத்து வாருங்கள். முதலில் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். பானெட்டை அப்புறம் திறக்கலாம்.