பிள்ளைகளை விற்ற நீதிமன்றம்

பதவி முடிகிற நேரத்தில், 2024 டிசம்பரில், அப்போதைய அமெரிக்க அதிபர் ஜோ பைடன் ஒரே நாளில் ஏறத்தாழ 1,500 பேரின் தண்டனையைக் குறைத்தார். கொரோனா காலத்தில் சிறையிலிருந்து வீட்டுக்காவலுக்கு மாற்றப்பட்டவர்களுக்குப் பொதுச் சலுகையாம். அந்தப் பட்டியலில் மைக்கேல் கானஹன் பெயரும் இருந்தது. பட்டியலைப் படித்துப் பார்க்க வெள்ளை மாளிகையில் ஒருவருக்குமா நேரமில்லாமல் போனது? பைடனின் கட்சியைச் சேர்ந்த பென்சில்வேனியா ஆளுநர் ஜோஷ் ஷப்பிரோவே இது பெரும் தவறு என்று சொல்லிவிட்டார்.

கானஹன் அந்த மாநிலத்தின் லுசெர்ன் மாவட்டத்தில் தலைமை நீதிபதியாக இருந்தவர். அரசு நடத்திவந்த சிறார் தடுப்பு இல்லத்தை 2002-இல் நிதியை நிறுத்தி மூடவைத்தார். தனியார் கட்டிய புது இல்லம் திறந்தது. சிறார் வழக்குகளை விசாரித்த நீதிபதி மார்க் சியாவரெல்லா பிள்ளைகளை அங்கே அனுப்பிக்கொண்டே இருந்தார். கட்டிய ஒப்பந்தக்காரரும் இல்லத்தின் பங்குதாரரும் இந்த இரு நீதிபதிகளுக்கும் கொடுத்தது 28 லட்சம் டாலர்.

அந்தப் பிள்ளைகள் என்ன கொலையா செய்தார்கள்? பள்ளித் துணை முதல்வரைக் கிண்டல் செய்து இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கினாள் ஒரு சிறுமி. சில நிமிட விசாரணை, மூன்று மாதத் தண்டனை. பாதிப் பிள்ளைகளுக்கு வக்கீலே கிடையாது. வக்கீல் வேண்டாம் என்று எழுதிய தாளில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். சின்னத் தப்புதானே, நீதிபதி இரண்டு வார்த்தை கண்டித்து அனுப்பிவிடுவார் என்று நம்பித்தான் பெற்றோர் போனார்கள். திரும்பும்போது பிள்ளை கையில் விலங்கு. பிள்ளை வழக்கில் வக்கீலை விட்டுக்கொடுக்கும் உரிமை பெற்றவர்களுக்கும் இருக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. பென்சில்வேனியாவுக்கு அந்தப் புத்தி வர, 2,300-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் பாதிக்கப்பட வேண்டியிருந்தது. அவர்கள் மீதான சுமார் 4,000 தீர்ப்புகளை மாநில உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பறிபோன பள்ளி நாட்களை யார் ரத்து செய்வது? சியாவரெல்லாவுக்கு 28 ஆண்டு, கானஹனுக்குப் பதினேழரை ஆண்டு சிறை. கானஹனின் அந்தத் தண்டனையைத்தான் பைடன் குறைத்தார்.

இரண்டு கெட்ட நீதிபதிகளின் கதை என்று இதை முடித்துவிட முடியாது. லாட்ஜ் அறை காலியாகக் கிடந்தால் முதலாளிக்கு நஷ்டம். தனியார் சிறைக்கும் அதே கணக்குதான். 2012-இல் அமெரிக்காவின் மிகப்பெரிய தனியார் சிறை நிறுவனம் 48 மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது: உங்கள் சிறைகளை விலைக்கு வாங்கிக்கொள்கிறோம், 20 ஆண்டு நடத்தும் உரிமை கொடுங்கள், படுக்கைகளில் 90 சதவீதம் நிரம்பியிருக்கும் என்று உறுதி கொடுங்கள். குற்றம் குறைந்தாலும் கைதிகள் குறையக்கூடாது! அப்படி ஓர் உறுதிமொழியை அரசிடம் வாயைத் திறந்து கேட்க முடிகிற தொழிலில், லுசெர்ன் நீதிபதிகள் செய்தது அந்த உறுதியைத் திருட்டுத்தனமாக விற்றதுதான்.

தனியார் சிறையின் இந்தக் கணக்கு தெரியாதவர் அல்ல பைடன். மத்திய அரசுச் சிறைகளுக்கான தனியார் ஒப்பந்தங்களைப் புதுப்பிக்கக்கூடாது என்று 2021 ஜனவரியில் உத்தரவிட்டவரே அவர்தான். குடியேறிகளை அடைத்துவைக்கும் முகாம்களை மட்டும் அந்த உத்தரவு தொடவில்லை. அங்கே தனியார் வியாபாரம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இஸ்ரேலில் கதை வேறுவிதமாக முடிந்தது. பேர்ஷேபா அருகே ஒரு நிறுவனம் தனியார் சிறையைக் கட்டியே முடித்துவிட்டது. லாபத்துக்காக இயங்கும் நிறுவனத்திடம் மனிதனை அடைத்துவைக்கும் அதிகாரத்தைக் கொடுப்பதே அவனுடைய சுதந்திரத்துக்கும் கண்ணியத்துக்கும் கேடு என்று சொல்லி, அதற்கு அனுமதி தந்த சட்டத்தை 2009-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செல்லாதென்று தீர்ப்பளித்தது. லுசெர்ன் நீதிபதிகள் இருவர் மீது லஞ்சக் குற்றச்சாட்டு பதிவானதும் அதே ஆண்டில்தான். அந்தத் தீர்ப்பு சொன்னது சரி. அமெரிக்காவும் அதைச் சட்டமாக்க வேண்டும், முதலில் சிறார் இல்லங்களில்.