கட்டில் மூனு, பை ஒன்னு

தீபாவளி நெருங்குது. கோயில் வாட்சாப் குழுவில் "இந்த வருஷம் எந்த முதியோர் இல்லத்துக்குப் போகலாம்?" என்ற பேச்சு தொடங்கிவிட்டது. அதற்கு முன்னால் மனசில் கிடக்கிற ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் செராஸில் ஒரு தனியார் இல்லத்துக்குப் போனோம். ஓர் அறையில் மூன்று கட்டில். ஒரு தமிழ்ப் பாட்டி, ஒரு சீனப் பாட்டி, ஒரு மலாய் மக்சிக். நம்ம பாட்டிக்கு மட்டும் சேலை, முறுக்கு, அங்பாவ். படமும் எடுத்தாச்சு. கிளம்பும்போது பாட்டி என் கையைப் பிடித்தார். "தம்பி, நீங்க போயிடுவீங்க. ராத்திரி எனக்குத் தண்ணி எடுத்துக் குடுக்கிறது அந்தச் சீனம்மாதான். அவங்க பார்த்துக்கிட்டு இருக்கையில நான் மட்டும் எப்படி இதைத் திங்கிறது?"

எனக்குப் பதில் வரல. நல்லது செய்யப் போய், அந்த அறைக்குள் ஒரு கோடு போட்டுவிட்டு வந்திருக்கிறோம்.

அரசாங்கத்தின் ருமா ஸ்ரீ கெனாங்கான் இல்லங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 60 வயதைத் தாண்டி, வாரிசும் வருமானமும் இல்லாமல், தன் வேலையைத் தானே செய்துகொள்ளக் கூடியவர்களுக்குத்தான் அங்கே இடம். அப்படிப்பட்டவருக்குப் பக்கத்துக் கட்டில்காரர்தான் சொந்தம். தனியார் இல்லங்களுக்கு 1993ஆம் ஆண்டு பராமரிப்பு மையச் சட்டம் இருக்கு. தீயணைப்பு, சுகாதாரம் எல்லாம் பார்த்துத்தான் பதிவு கொடுப்பார்கள். ஆனால் பக்கத்துக் கட்டிலோடு பேச்சுவார்த்தை இருக்கா என்று எந்தச் சட்டமும் பார்க்காது. அதை மனுஷங்கதான் பார்க்கணும்.

"காசு கொடுத்தது நம்ம பக்தர்கள், நம்ம ஆளுங்களுக்கே பத்தல" என்று கமிட்டியில் சிலர் சொல்வார்கள். நியாயமான கவலைதான். ஆனால் நம்ம பாட்டிக்கு ராத்திரி துணை வேணும் என்றால், அந்த அறையே நல்லா இருக்கணும். ஆளுக்கு ஒரு முறுக்குப் பாக்கெட்டைக் குறைத்தால் போதும், எல்லாருக்கும் வரும்.

இந்த முறை இப்படிச் செய்வோமே:

1. இல்லத்தில் எத்தனை பேரோ அத்தனை பை. இனிப்புநீர் உள்ளவர் யார் என்று முன்கூட்டியே பொறுப்பாளரிடம் கேட்போம். முஸ்லிம் பெரியவர்களுக்குப் பிரசாதம் வேண்டாம். பழம், ஹலால் முத்திரை உள்ள பிஸ்கட் போதும்.

2. வாங்குகிறவர்களாகவே அவர்களை வைக்காதீர்கள். பூ கட்டத் தெரிந்த பாட்டிகள் இருக்கிறார்கள். பூவும் நாரும் கொண்டுபோய்க் கொடுப்போம். அவர்கள் கட்டிய சரம் வெள்ளிக்கிழமை அம்மனுக்குப் போகட்டும்.

3. ஐம்பது பேர் ஒரு நாள் போவதைவிட, நாலு பேர் மாசாமாசம் போவது மேல். அதே முகம், அதே நேரம். அவங்க பேர் நமக்குத் தெரியணும், நம்ம பேர் அவங்களுக்கும்.

வருகிற மாசம் முதல் ஞாயிறு நான் போறேன். வர விருப்பம் உள்ளவங்க தனிச் செய்தி அனுப்புங்க. கேமரா மட்டும் வேண்டாம்.