ஐந்தாம் ஆண்டுச் செலவை யார் ஏற்பது?

சாத்தான்குளத்துக்குக் கிழக்கே, குலசேகரன்பட்டினத்தில் நாட்டின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளம் எழுந்துகொண்டிருக்கிறது. 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். திருச்செந்தூர், சாத்தான்குளம் ஆகிய இரண்டு தாலுகாக்களிலும் சேர்த்து இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் நிலம் இதற்குப் போயிருக்கிறது. மேற்கே மகேந்திரகிரியில் ராக்கெட் என்ஜின்களைச் சோதித்துப் பார்க்கும் இஸ்ரோ வளாகம் பல ஆண்டுகளாக இயங்குகிறது. இரண்டுக்கும் நடுவில் நம் ஊர்கள் இருக்கின்றன.

ஏவுதளம் வந்தால் வேலை வரும் என்கிறார்கள். வரும். மண் அள்ள, கம்பி கட்ட, வாசலில் காவல் நிற்க, செடிகளுக்குத் தண்ணீர் விட ஆள் வேண்டும். அந்த வேலைகளுக்கு நம் தெருக்களில் இருந்து ஆள் கூப்பிடுவதில் யாருக்கும் தயக்கம் இருக்காது. உள்ளே வரைபடம் போடும் அறைக்கும் ஆய்வுக் கூடத்துக்கும் நம்மில் எத்தனை பேர் போகப் போகிறோம்? இந்தக் கேள்வியை இப்போதே கேட்காவிட்டால், பத்து ஆண்டு கழித்துக் கேட்டுப் பயன் இல்லை.

அதனால்தான் பொறியியலில் இளநிலையையும் முதுநிலையையும் சேர்த்துப் படிக்கும் ஐந்தாண்டுப் படிப்பைப் பற்றி இந்த வாரம் எழுதுகிறேன். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளும் அவர்களின் பெற்றோரும் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

வழக்கமாக பி.இ. நான்கு ஆண்டு, அதற்குப் பின் எம்.இ. இரண்டு ஆண்டு. மொத்தம் ஆறு. சேர்ந்த படிப்பில் இரண்டையும் ஐந்து ஆண்டில் முடிக்கலாம். நடுவில் இன்னொரு நுழைவுத் தேர்வு இல்லை, இன்னொரு கலந்தாய்வு இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யிலும், மத்திய அரசின் காஞ்சிபுரம் ஐ.ஐ.ஐ.டி.டி.எம். நிறுவனத்திலும் இத்தகைய படிப்புகள் உண்டு. நமக்குப் பக்கத்தில், திருவனந்தபுரத்தை ஒட்டிய வலியமலையில், விண்வெளித் துறை 2007-ல் தொடங்கிய இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. அங்கே பொறியியல் இயற்பியலில் பி.டெக். பட்டத்தோடு முதுநிலைப் பட்டத்தையும் சேர்த்துத் தரும் ஐந்தாண்டுப் படிப்பு நடக்கிறது. ஏவுதளம் கட்டுகிற அதே துறையின் கல்லூரி அது. நம் பள்ளிகளில் எத்தனை பேருக்கு அதன் பெயர் தெரியும்?

ஒரு வருடம் மிச்சம் என்பது சின்ன விஷயம் இல்லை. ஒரு வருட விடுதிச் செலவு, ஒரு வருடச் சம்பளம். ஆனால் அதைவிடப் பெரிய நன்மை ஒன்று இருக்கிறது. நம் பிள்ளைகளின் படிப்பு அறுந்துபோகும் இடமே பி.இ.க்கும் எம்.இ.க்கும் நடுவில்தான்.

பி.இ. முடித்த மறுநாளே வீடு கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடும். முருங்கைத் தோட்டத்திலும் வாழைத் தோட்டத்திலும் செங்கல் சூளையிலும் கூலிக்குப் போய்ப் படிக்க வைத்த வீடு அது. தங்கச்சி கல்யாணம் நிற்கும், வாங்கிய வட்டிக் கடன் நிற்கும். "நாலு வருசம் படிச்சாச்சு, இன்னும் எதுக்குல ரெண்டு வருசம்?" என்று கேட்பது தகப்பனின் தவறு இல்லை. அவர் சுமந்தது போதும் என்று உடம்பு சொல்கிறது. பெண் பிள்ளை என்றால் மாப்பிள்ளை பார்க்கும் பேச்சும் சேர்ந்துகொள்ளும். இதற்கு நடுவே கேட் தேர்வு அல்லது அண்ணா பல்கலைக்கழகம் 2023 முதல் நடத்தும் சீட்டா தேர்வு, பிறகு கலந்தாய்வு, புது வருமானச் சான்று, புது உதவித்தொகை விண்ணப்பம். இத்தனை வாசல்களில் ஏதாவது ஒன்றில் பிள்ளை நின்றுவிடுகிறான். "இந்த வருசம் வேலைக்குப் போறேன், அடுத்த வருசம் படிக்கேன்" என்கிறான். அந்த அடுத்த வருடம் வருவதே இல்லை.

இது புதிய கதையும் இல்லை. அம்பேத்கர் 1913-ல் பரோடா மன்னர் தந்த உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கிருந்து லண்டன் சென்று படித்துக்கொண்டிருந்தபோது உதவித்தொகைக் காலம் முடிந்தது. 1917-ல் படிப்பைப் பாதியில் விட்டு ஊர் திரும்பினார். பம்பாயில் கல்லூரி ஆசிரியராக வேலை பார்த்துப் பணம் சேர்த்து, கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியும் நண்பரின் கடனும் சேர்ந்த பிறகே 1920-ல் மறுபடி லண்டன் போக முடிந்தது. அவருக்கே மூன்று ஆண்டு இடைவெளி விழுந்தது. அவரைப் போலத் திரும்பிப் போக முடியாத ஆயிரக்கணக்கானவர்களின் பெயர் நமக்குத் தெரியாது.

எம்.இ. எதற்கு, வேலைக்கு பி.இ. போதாதா என்று கேட்கலாம். பல வேலைகளுக்குப் போதும். இஸ்ரோவின் தொடக்கநிலை விஞ்ஞானி-பொறியாளர் தேர்வைக்கூட பி.இ. முடித்து, கேட்கிற மதிப்பெண் இருந்தால் எழுதலாம். ஆனால் முதுநிலை இல்லாமல் திறக்காத கதவுகள் உண்டு. பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆக வேண்டுமானால் ஏ.ஐ.சி.டி.இ. 2019 விதிப்படி பி.இ.யோடு எம்.இ.யும் வேண்டும், அல்லது ஒருங்கிணைந்த எம்.டெக். வேண்டும். இரண்டில் ஏதாவது ஒன்றில் முதல் வகுப்பு இருக்க வேண்டும். உயர்கல்வி நிறுவனங்களில் நமக்கு ஒதுக்கிய ஆசிரியர் இடங்கள் காலியாகக் கிடக்கும்போதெல்லாம் "தகுதியானவர் கிடைக்கவில்லை" என்ற ஒரே பதில்தான் வருகிறது. அந்தப் பதிலைச் சொல்ல முடியாதபடி செய்வதற்கு முதுநிலைப் பட்டத்தோடு நம்மவர்கள் வரிசையில் நிற்க வேண்டும்.

ஆய்வும் அப்படித்தான். சாக்கடைக்குள் இறங்கிச் சாகிறவர்கள் யார் என்று எல்லோருக்கும் தெரியும். மனிதர் இறங்காமல் அடைப்பெடுக்கும் பாண்டிகூட் என்ற இயந்திரத்தை 2018-ல் கேரளத்து இளம் பொறியாளர்கள் சிலர் உருவாக்கினார்கள். பாராட்ட வேண்டிய வேலை. இதுபோன்ற இயந்திரங்களை வடிவமைக்கும் மேசையில், அந்த வேலையின் கொடுமையை வீட்டில் கண்டு வளர்ந்த பிள்ளையும் இருந்தால், வேலை இன்னும் சீக்கிரம் நடக்கும். தண்ணீரும் அப்படியே. தாமிரபரணி வெள்ளநீரை நம் பக்கத்துத் தேரிக்குக் கொண்டுவரும் நதிநீர் இணைப்புத் திட்டம் 2009-ல் தொடங்கியது. 75 கிலோமீட்டர் கால்வாய். எந்தக் குளத்துக்கு மடை வரும், எந்தத் தெருவை ஒட்டிக் கரை போகும் என்பதெல்லாம் வரைபடத்தில் முடிவாகிற விஷயங்கள்.

சரி, அப்படியானால் எல்லோரும் ஐந்தாண்டுப் படிப்பில் சேர்ந்துவிடலாமா? அங்கேதான் சிக்கல்.

முதல் சிக்கல், வாசல். மேலே சொன்ன மத்திய நிறுவனங்களுக்கு ஜே.இ.இ. வழியாகத்தான் போக வேண்டும். பதினேழு வயதில், லட்சம் லட்சமாகக் கட்டிப் பயிற்சி பெற்ற பிள்ளைகளோடு போட்டி. மத்திய நிறுவனங்களில் பட்டியல் சாதியினருக்கு 15 சதவீத இடம் உண்டு. ஐ.ஐ.டி. இளநிலைப் படிப்புகளில் அவர்களுக்குக் கல்விக் கட்டணமும் தள்ளுபடி. ஆனால் விண்ணப்பிக்கும் அளவுக்கு விவரம் தெரிந்தவர்களே நம் ஊரில் குறைவு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பகுதியில் கணிசமானோர் கிறிஸ்தவர்கள். 1950 குடியரசுத் தலைவர் ஆணையால் அவர்கள் மத்திய நிறுவனங்களில் பட்டியல் சாதி இடத்தைக் கேட்க முடியாது. மாநில அரசு அவர்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்தாலும், ஆதிதிராவிட மாணவர்களுக்கான கல்வி உதவியைத் தருகிறது. ஒரே தெருவில், ஒரே கூலி வாங்கும் இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கு வெளியே கிடைக்கும் வாசல் வேறு வேறு.

இடம் கிடைத்த பிறகும் பணம் வழியை மறிக்கும். உத்தரப் பிரதேசத்தில் கூலித் தொழிலாளி ஒருவரின் மகனான தலித் மாணவருக்கு 2024-ல் தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. 17,500 ரூபாயைக் குறித்த நேரத்துக்குள் கட்ட முடியாமல் இடம் பறிபோனது. உச்ச நீதிமன்றம் வரை போய், அந்த ஆண்டு செப்டம்பர் 30 அன்று உத்தரவு பெற்ற பிறகே சேர முடிந்தது. எல்லோராலும் டெல்லி வரை போக முடியுமா?

இரண்டாவது சிக்கல், உதவிகள் எல்லாம் நான்கு ஆண்டை மனதில் வைத்தே எழுதப்பட்டிருப்பது. அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்பில் 7.5 சதவீத முன்னுரிமை தந்த 2021-ம் ஆண்டுச் சட்டம் நல்ல சட்டம். கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றதால் எத்தனையோ வீடுகளில் விளக்கு ஏறியது. ஆனால் அந்தச் சட்டத்தின் பெயரிலேயே இளநிலை என்ற சொல் இருக்கிறது. ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்களில் சேரும் அரசுப் பள்ளி மாணவர்களின் செலவை ஏற்பதாக 2022 நிதிநிலை அறிக்கையில் அரசு சொன்னதும் இளநிலைப் படிப்புக்குத்தான். ஐந்தாண்டுப் படிப்பில் ஐந்தாம் ஆண்டு எந்தக் கணக்கில் வரும்? இதற்கு ஆணையிலேயே வெளிப்படையான பதில் வேண்டும். அலுவலகத்துக்கு ஒரு விளக்கம் என்று ஆகிவிட்டால், அலைவது மாணவன்தான்.

மூன்றாவது சிக்கல், தனியார். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பலவும் சில தனியார் கல்லூரிகளும் ஐந்தாண்டு எம்.டெக். என்று கவர்ச்சியாக விளம்பரம் செய்கின்றன. கட்டணம் நிலத்தை விற்றாலும் கட்டி மாளாது. சிலவற்றில் பி.டெக். பட்டம் தனியாகக் கிடையாது. நான்காம் ஆண்டில் வீட்டில் ஒரு கஷ்டம் வந்து நின்றால் கையில் என்ன இருக்கும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போடக் கூடாது.

எனவே என் கருத்து இது. சேர்ந்த படிப்பு நமக்கு வேண்டும். ஆனால் நம் ஊர் அரசுக் கல்லூரியில் வேண்டும். திருநெல்வேலியில் 1981 முதல் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. தூத்துக்குடியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் வ.உ.சி. பொறியியல் கல்லூரி இருக்கிறது. காலையில் பஸ் ஏறினால் போய்ச் சேரும் தூரம். அங்கே பி.இ. சேர்ந்த மாணவர் மூன்றாம் ஆண்டு முடிவில், விரும்பினால், இன்னொரு நுழைவுத் தேர்வு இல்லாமல் ஐந்தாண்டுப் படிப்புக்கு மாறிக்கொள்ள வழி செய்ய வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யில் பி.டெக். மாணவர்கள் நடுவில் இப்படி மாறிக்கொள்ளும் வசதி ஏற்கெனவே இருக்கிறது. அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது?

அப்படித் தொடங்கும்போது நான்கு விஷயங்களை உறுதி செய்ய வேண்டும். ஒன்று, 69 சதவீத இட ஒதுக்கீடும் அருந்ததியர் உள் ஒதுக்கீடும் ஐந்தாண்டுப் படிப்புக்கு மாறும் இடங்களிலும் அப்படியே இருக்க வேண்டும். இரண்டு, 7.5 சதவீதத்தில் வந்த பிள்ளைக்கு ஐந்தாம் ஆண்டுச் செலவும் அரசின் பொறுப்பு என்று ஆணை வர வேண்டும். மூன்று, நான்காம் ஆண்டு முடிவில் விலக நேர்ந்தால் முழு மதிப்புள்ள பி.இ. பட்டம் கையில் கிடைக்க வேண்டும். நான்கு, ஐந்தாம் ஆண்டில் மாதாமாதம் உதவித்தொகை வேண்டும். கேட் தகுதியோடு எம்.இ. படிப்பவருக்கு மாதம் 12,400 ரூபாய் தருவது ஏற்கெனவே நடைமுறையில் இருப்பதுதான். அந்தத் தொகை வந்தால், வீட்டில் "எதுக்குல" என்ற கேள்வியின் வேகம் பாதியாகக் குறையும்.

பி.இ. முடித்தவுடன் வேலைக்குப் போக வேண்டிய நிலை பல வீடுகளில் இருக்கிறது. அவர்களை யாரும் குறை சொல்ல வேண்டாம். வீட்டைத் தூக்கி நிறுத்துவதும் பெரிய காரியம்தான். படிக்க ஆசையும் திறமையும் இருந்தும் வழி அறுந்துபோகிறவர்களுக்காகத்தான் இதைக் கேட்கிறோம்.

அதுவரை மாணவர்கள் சும்மா இருக்க வேண்டாம். பொறியியல் மூன்றாம் ஆண்டில் இருப்பவர்கள் இந்த ஆண்டே கேட் எழுதலாம். மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு விண்ணப்பக் கட்டணம் பாதி. பெண்களுக்கும் அப்படியே. தகுதி மதிப்பெண்ணும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்குப் பொதுப் பிரிவைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. பதினோராம் வகுப்பில் இருக்கும் தம்பி தங்கைகள் வலியமலைக் கல்லூரியின் சேர்க்கை விவரத்தை ஆசிரியரிடம் கேளுங்கள். எந்த ஐந்தாண்டுப் படிப்பானாலும் சேருமுன் கேட்க வேண்டியவை: ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் உண்டா, இரண்டு பட்டமும் தனித்தனியாகத் தருவார்களா, நடுவில் விலகலாமா, ஐந்தாம் ஆண்டுக்கும் உதவித்தொகை உண்டா. பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த கிராம சபையில் தெருவிளக்கும் குடிநீரும் பேசி முடித்த பிறகு, இதையும் ஒரு தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்: திருநெல்வேலி, தூத்துக்குடி அரசுக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் பொறியியல் படிப்பு வேண்டும், ஐந்தாம் ஆண்டுக்கும் அரசு உதவி வேண்டும். ஏவுதளத்துக்கு நிலம் போன ஊர்களில் இருந்து இந்தத் தீர்மானம் போனால், அதைத் தள்ளி வைப்பது சுலபமாக இருக்காது.